கண்மாயில் நடந்த முழுக்கு

எங்கள் சபையின் முதல் போதகர் ஆட்களை அடிப்பார். இன்று அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர் ஊர் ஊராக நடந்தே ஊழியம் செய்ததையும், தலையில் கல் சுமந்து கோயில் கட்டியதையும் சொல்வார்கள். அதெல்லாம் உண்மை. அடித்ததும் உண்மை.

நான் திண்டுக்கல் டவுனில் வளர்ந்தவள். ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு, ஐம்பதுகளின் நடுவில், சாணார்பட்டிக்கு உள்ளே தள்ளி சிறுமலையைப் பார்த்துக் கிடந்த அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். பாப்டிஸ்ட் சபை நடத்திய பள்ளிக்கூடம். வார நாட்களில் பள்ளிக்கூடமாக இருக்கும் அதே நீளக் கட்டிடம்தான் ஞாயிற்றுக்கிழமை கோயில். சுவர் கல், கூரை பனையோலை. சபையார் எல்லாரும் கீழத்தெருக்காரர்கள். பாதிப்பேர் மேலத்தெருவில் நிலம் வைத்திருந்த சம்சாரிகளின் தோட்டங்களில் கூலிக்குப் போவார்கள், மீதிப்பேர் மலையடிவாரத்துக் குவாரியில் கல் உடைப்பார்கள்.

முதல் போதகர் ஊழியத்துக்கு வருமுன் திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் மேஸ்திரியாக இருந்தவர். சுண்ணாம்புத் தொட்டியில் வெந்த கைகள் அவருக்கு. ஆறடிக்கு மேலே உயரம். பிரசங்க மேடைக்குப் பின்னால் ஆணியில் ஒரு தோல் வார் தொங்கும். சபையில் எவனாவது கள்ளச்சாராயம் குடித்தான், பெண்டாட்டியை அடித்தான் என்று காதுக்கு வந்தால், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவனை முன்னால் கூப்பிட்டு, சட்டையைக் கழற்றச் சொல்லி, எல்லார் கண்முன்னும் விளாசுவார். இவ்வளவு அடி வாங்கியும் ஏன் ஒருவரும் சபையை விட்டுப் போகவில்லை என்று யோசித்திருக்கிறேன். அந்தத் தெரு ஆண்கள் பிறந்ததிலிருந்து வரப்பிலும் களத்திலும் காரணமில்லாமல் அடிபட்டவர்கள். இவர் காரணம் சொல்லி அடித்தார். அடித்த பிறகு வீட்டுக்குக் கூட்டிப்போய் முதுகுக்கு எண்ணெய் தடவி, பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டார். அது அவர்களுக்குப் பெரிய வித்தியாசமாக இருந்தது.

அந்த வழக்கத்தை நிறுத்தியது ஒரு பெண். குவாரியில் கல் உடைப்பவள், என்னைவிடச் சில வயது மூத்தவள். அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு ஞாயிறு அவள் ஒரு கண் வீங்கி மூடிப்போய் வந்து உட்கார்ந்தாள். அவள் யாரிடமும் முறையிடவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். போதகர் அவள் புருஷனை முன்னால் கூப்பிட்டார். நல்ல உழைப்பாளி, குடித்தால் மட்டும் கை நீளும். வார் நாலைந்து முறை இறங்கியது. முதுகுத் தோல் பிரிந்து ரத்தம் வேட்டிக்கு வழிந்தது. மறுபடி வார் மேலே போனபோது அக்கா எழுந்து போய் அதைப் பாதியில் பிடித்துவிட்டாள். வீச்சு அவள் முன்னங்கையில் சுற்றிக்கொண்டது. சுற்றிய இடம் உடனே தடித்தது. விடவில்லை.

“ஐயா, இவரு வீட்டுல செய்யிறத நீங்க கோயில்ல செய்யிறீக,” என்றாள். “அங்கிட்டும் அடி, இங்கிட்டும் அடின்னா நான் எங்கிட்டுப் போக?”

போதகர் கையைத் தளர்த்தி வாரை விட்டுவிட்டு, ஆசீர்வாதம்கூடச் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார். அக்கா அந்த வாரை எடுத்துக்கொண்டு போய்த் துண்டு போட்டுத் தன் சம்மட்டிப் பிடியில் சுற்றிக்கொண்டாள். அவள் புருஷன் அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு தரம் குடித்தான். அவள் மேல் கை வைக்கவில்லை. போதகரும் யாரையும் அடிக்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார்.

அடுத்து வந்தவர் தெற்கத்திக்காரர். ஒல்லி, ஆஸ்துமாக்காரர், நடந்தால் மூச்சு வாங்கும். மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்து இறங்கினார். சபையாருக்கு முதலில் அவரைப் பிடிக்கவில்லை. குரலே எழும்பாத ஆள் எப்படி சபையைக் கட்டி மேய்ப்பார் என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் அவர் காலையில் குவாரிக்குப் போய், கல் உடைக்கிறவர்களோடு பாறை நிழலில் உட்கார்ந்து கஞ்சி குடிப்பார். அங்கேதான் மேலத்தெரு இளைஞன் ஒருவன் அவருக்குப் பழக்கமானான். மாட்டுவண்டியில் ஜல்லி ஏற்றிக்கொண்டு போகிற வேலை அவனுக்கு. அப்பா இல்லை. அம்மாவும் அண்ணனும்தான். அண்ணன் தக்காளித் தோட்டமும் பூந்தோட்டமும் வைத்து நன்றாகச் செய்துகொண்டிருந்தவர், ஊரில் நாலு பேர் கேட்கிற வார்த்தை அவருடையது. என் பள்ளிக்கூடத்துக்கு மழையில் சுவர் சரிந்தபோது வண்டி அனுப்பி மண் அடித்துக் கொடுத்தவரும் அவர்தான்.

அந்தத் தம்பி முதலில் கோயில் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டான். பிறகு கதவு நிலைப்படியில் உட்கார்ந்தான். ஒரு நாள் உள்ளே வந்து அக்காவின் புருஷனுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு மாலையே அவனை வீட்டில் கட்டிவைத்து உதைத்தார்கள். உதடு கிழிந்து அடுத்த ஞாயிறும் வந்தான்.

எங்கள் சபையில் குழந்தைகளுக்குத் தண்ணீர் தெளிக்கிற வழக்கம் கிடையாது. வளர்ந்த பிறகு, தானாகக் கேட்கிறவர்களுக்கு மட்டும், முழு உடம்பும் தண்ணீருக்குள் போகும்படி முழுக்கு ஞானஸ்நானம். ஊர்க் கண்மாயில் மாடு குளிப்பாட்டும் மூலையில்தான் அதை நடத்துவார்கள். அந்த மூலையைப் பற்றி மேலத்தெருவுக்கு எந்த ஆட்சேபமும் இருந்ததில்லை. கீழத்தெருக்காரன் முங்கினாலும் மாடு முங்கினாலும் அவர்களுக்கு ஒன்றுதான். இந்த முறை முங்கப்போவது அவர்கள் வீட்டுப் பையன்.

மழை ஓய்ந்து கண்மாய் நிறைந்து கிடந்த ஒரு ஞாயிறு காலை. போதகர் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். பக்கத்தில், முங்குகிறவர்களின் முதுகைத் தாங்கிப் பிடிக்க அக்காவின் புருஷன். பெண்களெல்லாம் கரையில் பாடிக்கொண்டு நின்றோம். கீழத்தெரு ஆட்கள் சிலர் முங்கி எழுந்து ஈரத்துணியோடு கரையேறினார்கள். கடைசியாக அந்தத் தம்பி தண்ணீருக்குள் இறங்கினான். அப்போது கரை மேல் ஆட்கள் வருவது தெரிந்தது. கையில் கம்பு, சிலர் கையில் அருவாள். முன்னால் அண்ணன். பாட்டு நின்றுபோனது.

அண்ணன் சத்தம் போடவில்லை. “ஏலே, மேல ஏறி வா,” என்றார். “ஆத்தா நேத்துலருந்து சோறு திங்காமக் கெடக்கு.”

“முடிச்சிட்டு வாரேண்ணே,” என்றான் தம்பி. கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்பது மாதிரிதான் சொன்னான்.

போதகர் குனிந்து அவனிடம், இன்றைக்கு வேண்டாமென்றால் வேண்டாம், இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னாராம். வேணும் என்று அவன் சொன்னானாம். இதைப் பின்னால் அவனே எனக்குச் சொன்னான். போதகர் அவன் மூக்கைப் பொத்தி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொல்லி, பின்பக்கமாகச் சாய்த்தார். அவன் தண்ணீருக்குள் இருக்கும்போதே கரையிலிருந்து குதித்தார்கள்.

முதல் கம்பு போதகரின் கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் கரைக்குக் கேட்டது. ரெண்டு பேர் அவர் பிடரியைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினார்கள். கால்கள் மட்டும் மேலே வந்து உதைத்தன. கரையில் நின்ற ஆண்கள் மேல் கம்பு விழுந்தது, பெண்கள் மேல் கல் விழுந்தது. ஒரு கல் என் புருவத்தில் பட்டு கண்ணுக்குள் ரத்தம் இறங்கிவிட்டது. போதகரின் மனைவி குழந்தையை என் கையில் திணித்துவிட்டுத் தண்ணீரை நோக்கி ஓடினாள். நான் குழந்தையை நெஞ்சில் அமுக்கிக்கொண்டு சேற்றில் குப்புற விழுந்து கிடந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தபோது அக்காவின் புருஷன் போதகரை அமுக்கியவர்களை இழுத்துத் தள்ளிவிட்டு, அவரைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றான். அவன் யாரையும் திருப்பி அடிக்கவில்லை. அடிக்க அவன் கை ஒழியவில்லை. அண்ணனின் அருவாள் மேலே போனது. அக்கா தண்ணீருக்குள் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். ஆனால் அதற்கு முன்பே ஒரு வெட்டு அவள் புருஷன் கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில் இறங்கிவிட்டது.

அதன் பிறகு எல்லாரும் ஒரேயடியாக நின்றுவிட்டார்கள். வெட்டியவரும்தான். கண்மாய்த் தண்ணீரில் ரத்தம் பரவுவதைப் பார்த்துக்கொண்டு, அக்கா பிடித்திருந்த கையை உருவிக்கொள்ளக்கூட இல்லாமல் நின்றார். கூட வந்தவர்கள் அவரை இழுத்துக்கொண்டு போனார்கள்.

தம்பிதான் தன் ஜல்லி வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்தான். போதகரையும் அக்காவின் புருஷனையும் அதில் கிடத்தினோம். சாணார்பட்டி தாண்டுவதற்குள் அக்காவின் புருஷனுக்கு உயிர் போய்விட்டது. அக்கா அவன் தலையை மடியில் வைத்தபடி, வண்டியைத் திருப்ப வேண்டாம், ஐயாவுக்குக் கையைக் கட்டிவிட்டுத் திரும்பலாம் என்றாளாம்.

அன்றைக்குச் சாயங்காலமே மேலத்தெருக்காரர்கள் கோயில் கூரையைக் கொளுத்தினார்கள். எங்கள் இளவட்டங்கள் போய் மேலத்தெரு வைக்கோல் படப்புகளுக்குத் தீ வைத்தார்கள். போலீஸ் வந்தது. வந்ததும் கீழத்தெருவில்தான் முதலில் புகுந்தது. படப்பைக் கொளுத்தியவர்கள் மலைக்கு ஓடிவிட்டிருந்தார்கள். கிடைத்தவர்களை அடித்தார்கள். ஒரு கிழவருக்கு விலா எலும்பு போனது. கர்ப்பிணி ஒருத்தியைத் தலைமுடியைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தார்கள். என்னை டீச்சர் என்பதால் விட்டுவிட்டார்கள். அண்ணன் மறுநாள் தானாகவே ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

போதகர் ஆஸ்பத்திரியிலிருந்து கையில் மாவுக்கட்டோடு வந்தார். கூரையில்லாத கோயிலில், கரி அப்பிய சுவர்களுக்கு நடுவில் ஆராதனை நடந்தது. இளவட்டங்கள் மேலத்தெருக் காளைகளின் கால் நரம்பை அறுப்பதாகப் பேசிவைத்திருந்தார்கள். அது தெரிந்து, அப்படிச் செய்கிறவன் முதலில் தன் காலை அறுக்கட்டும் என்று அவர் பிரசங்கத்திலேயே சொன்னார். அதோடு, யார் வெட்டியது என்று தனக்குத் தெரியாதென்று போலீசிடம் சொல்லிவிட்டதாகவும், தான் தண்ணீருக்குள் கிடந்ததாகவும், பழியை ஆண்டவரிடம் விட்டுவிடலாம் என்றும் சொன்னார்.

அக்கா எழுந்தாள். தாலி அறுத்திருந்தாள். அழுகிற முகமாக இல்லை.

“ஐயா, பாத்தீகளா, பாக்கலையா? அத மட்டும் சொல்லுங்க.”

அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவி எழுந்து போய் அவர் முதுகைத் தடவினாள். கடைசியில், “பார்த்தேன்,” என்றார்.

“அப்பப் பாத்தேன்னு சொல்லுங்க. மன்னிக்கிறது ஒங்க பாடு. பாக்கலைன்னு சொன்னா எம்புருஷன் தண்ணியில வழுக்கி விழுந்து செத்தாருன்னு ஆயிரும்.”

மதுரைக் கோர்ட்டில் போதகரும் அக்காவும் சாட்சி சொன்னார்கள். நானும் போயிருந்தேன், என்னையும் விசாரித்தார்கள். எனக்குக் கண்ணில் ரத்தம் இறங்கியிருந்ததால் தெளிவாகப் பார்க்கவில்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் நிறுவிவிட்டார். போதகரை, சம்சாரி வீட்டுப் பையனை மயக்கி இழுத்தவர் என்று கண்டபடி பேசினார். அக்காவிடம், அவ்வளவு கும்பலில் வெட்டியது இன்னார்தான் என்று எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டார். “வெட்டுன கைய நாந்தானே புடிச்சிருந்தேன்,” என்றாள் அவள். அண்ணனுக்கு ஆயுள் தண்டனை. மற்றவர்களில் சிலருக்குச் சில வருஷம், சிலர் விடுதலை.

அதோடு எதுவும் முடியவில்லை. மேலத்தெரு கூலிக்குக் கூப்பிடுவதை நிறுத்தியது. பல குடும்பங்கள் பிழைப்புக்குத் திண்டுக்கல் போய்விட்டன. தம்பியின் வண்டியையும் மாட்டையும் பங்காளிகள் பிடுங்கிக்கொண்டார்கள். அவன் கீழத்தெருவிலேயே குடிசை போட்டு, அக்காவோடு குவாரியில் கல் உடைத்தான். ஒரு தரம் வழிமறித்து அடித்து அவனைக் குவாரிப் பள்ளத்தில் தள்ளிவிட்டார்கள். அதிலிருந்து அவன் காலைத் தாங்கித் தாங்கித்தான் நடந்தான். அவன் ஆத்தா அவன் முகத்தைப் பார்க்கவே மறுத்துவிட்டாள்.

கோயிலுக்கு ஓடு போட்டோம். போதகரின் கை கோணலாகத்தான் கூடியது. அந்தக் கையைத் தூக்கி அவர் ஒவ்வொரு ஞாயிறும் நீண்ட ஜெபம் செய்வார். நோயாளிகள், கர்ப்பிணிகள், கடைசியில் மதுரைச் சிறையில் இருக்கிறவர். பெயரைச் சொல்லியே ஜெபிப்பார். அந்தப் பெயர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அக்கா எழுந்து வெளியே போய்விடுவாள். வேப்பமரத்தடியில் நிற்பாள். ஆமென் கேட்டதும் உள்ளே வந்து அடுத்த பாட்டை எல்லாரோடும் சேர்ந்து பாடுவாள். அவர் ஜெபத்தை நிறுத்தவில்லை. அவளும் வெளியே போவதை நிறுத்தவில்லை. ரெண்டு பேருக்கும் அதனால் மனஸ்தாபமும் வரவில்லை. இப்படியே வருஷங்கள் போயின.

அறுபதுகளின் நடுவில் ஆத்தா செத்துப்போனாள். அண்ணனைப் பரோலில், ரெண்டு போலீஸ்காரர்களோடு கூட்டிவந்தார்கள். எங்கள் பக்கம் தாய்க்குக் கொள்ளி வைக்கவேண்டியவன் இளையவன். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவன் பிணத்தைத் தொடக்கூடாது என்று பங்காளிகள் தம்பியைக் கம்பால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நெற்றி உடைந்தும் அவன் நகரவில்லை. அண்ணன் வந்தார். தலை முழுக்க நரைத்து, ஆள் பாதியாகியிருந்தார். “அவன் தோள் குடுக்கட்டும். மாட்டேங்கிறவன் வீட்டுக்குப் போகலாம்,” என்றார். அண்ணனும் தம்பியும் முன்பக்கம் தோள் கொடுத்தார்கள். தம்பி நொண்டியதால் பாடை ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து வந்தது.

சுடுகாட்டுப் பாதை குவாரியை ஒட்டிப் போகும். நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கலவரம் வந்துவிடுமோ என்ற பயத்தில் அக்காவைக் கூட்டிவர அங்கே போயிருந்தேன். அவள் பாதைக்குக் குறுக்கே போய் நின்றுவிட்டாள். கையில் சம்மட்டி. கொட்டு நின்றது. போலீஸ்காரர் ஒருவர் லத்தியை உருவினார். அவள் அவரைப் பார்க்கவேயில்லை.

அண்ணனிடம் கேட்டாள்: “வெட்டு விழுகையில அவருக்கு வாய் அசஞ்சது. எனக்குக் கேக்கல. நீதான் மூஞ்சிக்கு நேரா நின்ன. என்ன சொன்னாரு?”

பாடையைத் தோளில் வைத்தபடியே அவர் நின்றார். “ஐயாவ விட்டுருங்கன்னு சொன்னாரு,” என்றார்.

“வேற?”

“வேற ஒண்ணும் சொல்லல தாயி.”

அவள் தலையை ஆட்டினாள். பாதையை விட்டு விலகிக்கொண்டாள். பாடை போனது. சம்மட்டியை அவள் கையிலிருந்து நான்தான் வாங்கிக் கீழே வைத்தேன்.

இனிமேல் அவள் வெளியே போகமாட்டாள் என்று சபையில் பேசிக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறும் அந்தப் பெயர் வரும் நேரத்தில் அவள் எழுந்து வேப்பமரத்தடிக்குத்தான் போனாள்.

ரெண்டு வருஷம் கழித்து அண்ணன் சிறையிலேயே காசநோயில் இறந்தார். ஞாயிறு விடியும்போது சேதி வந்தது. தம்பி முதல் பஸ்ஸுக்கே மதுரை போய்விட்டான். செத்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் எங்கள் சபையில் இல்லை. போதகர் அன்றைய ஜெபத்தில் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. வழக்கமான நேரத்தில் பாதி எழுந்த அக்கா, சுற்றிலும் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். ஆராதனை முடிந்து விஷயம் தெரிந்ததும் போதகரிடம் ஒன்றுதான் கேட்டாள். “அந்தப் பய தனியாவா போயிருக்கான்? காலு ஏலாதே அவனுக்கு.”

அவளும் நானும் நத்தம் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்துப் போனோம். பங்காளிகள் ஒருவரும் வந்திருக்கவில்லை. சிறை வாசலில் ஒரு தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் தம்பி மட்டும் நின்றான். வண்டியில் வெள்ளைத் துணி சுற்றிய உடம்பு. அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியின் ஒரு பக்கக் கட்டையைப் பிடித்தாள். தத்தனேரிச் சுடுகாடு வரைக்கும் ரெண்டு பேருமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். தம்பி தீ வைத்தான். அவள் தள்ளி நின்றாள்.

திரும்பி வரும்போது தம்பி பஸ்ஸில் தூங்கிவிட்டான். வளைவுகளில் அவன் தலை கம்பியில் இடித்துக்கொள்ளாமல் இருக்க அவள் தன் கையை இடையில் வைத்துக்கொண்டு வந்தாள்.